வாடைக்குக் காத்திருத்தல்: ஃப்ளாம்பரோ முனைக் குறிப்புகள்

முதல் நாள், சனிக்கிழமை

இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யார்க்‌ஷர் கரையிலிருந்து வடகடலுக்குள் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது ஃப்ளாம்பரோ முனை. வெள்ளை வெளேரென்ற சுண்ணப்பாறை, மேலே புல், நுனியில் 1806-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம். அதற்குக் கீழே, மூடுபனிச் சங்கு ஊதுவதற்காகக் கட்டிய பழைய கட்டடத்துக்கு முன்னால் ஒரு புல்சரிவு. அக்டோபர் கடைசி வாரத்தில் கடற்பறவைப் பித்துப் பிடித்தவர்கள் உட்காரும் இடம் அதுதான். நைட் டியூட்டிகளை மாற்றி வாங்கி, ஐந்து நாள் லீவு சேர்த்து நானும் வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் வானம் பளபளவென்று இருக்கிறது. தென்மேற்குக் காற்று, அதுவும் பூப்போல. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள். இவர், என் வீட்டுக்காரர், காரைவிட்டு இறங்கி, சோம்பல் முறித்து, “என்ன அருமையான நாள்!” என்றார். எனக்கு அழுகை வராத குறை.

ஏன் என்று சொல்கிறேன். கரையில் உட்கார்ந்து கடற்பறவை பார்ப்பது என்பது பாதிக்கு மேல் காற்றைப் பார்ப்பதுதான். நிலம் கண்ணில் படாத இடத்தில் வாழும் பறவைகள் இவை. கரைப் பக்கம் வர இவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை, முட்டையிடுவதைத் தவிர. வடக்கிலிருந்து பலமான காற்று அடித்தால் நார்வேக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள பெரிய வாய் வழியாக வடகடலுக்குள் தள்ளப்படும். வடகடல் ஒரு புனல். தெற்கே போகப்போகக் குறுகி டோவர் நீரிணையில் கழுத்தாகிவிடுகிறது. இதற்குமேல் வழியில்லை என்று தெரிந்ததும் பறவைகள் திரும்பி, காற்றை எதிர்த்துக் கரையோரமாகவே வடக்கே போகும். அப்போது குறுக்கே நிற்பது இந்த மூக்கு. வளைந்துதான் தாண்ட வேண்டும். நாம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆக, ஊருக்கு நல்ல நாள் எங்களுக்குக் கெட்ட நாள்.

மூன்று மணி நேரத்தில் எண்ணியது: தூரத்தில் கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவை 19, கடற்காகங்கள் ஏராளம், ஒரு சீல். சாயங்காலம் பிரிட்லிங்டன் துறைமுகத்தில் லாப்ஸ்டர் கூண்டுகளுக்கு நடுவே டர்ன்ஸ்டோன் என்ற கல்புரட்டிக் குருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. மணப்பாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர். “என்ன காத்து அங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, எப்போதும்.

“தெக்கத்திச் சோழகமும் மேக்கத்திக் கச்சானும் கலந்த மாதிரி, சித்தப்பா.”

“வாடை எப்பம் திரும்பும்?”

திங்கள் ராத்திரி என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். “பொறு புள்ள. காத்த கூப்புட முடியாது” என்றார்.

இரண்டாம் நாள், ஞாயிறு

இன்று அதிகாலை இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். நான் மறந்துபோய்ப் பழைய கணக்கில் எழுந்து, இருட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். விடிந்த பிறகும் ஒன்றும் தெரியவில்லை. காற்று தென்கிழக்குக்கு மாறி, கடல்மேல் பஞ்சுப்பொதி மாதிரி மூடுபனி.

கடல் இல்லாத கடற்கரையில் என்ன செய்வது? காலடியைப் பார்க்கலாம். புல்லில் ஏதோ துள்ளியது. எலி என்று நினைத்தேன். கோல்ட்கிரெஸ்ட். ஐந்தாறு கிராம் எடை, தலையில் மஞ்சள் நாமம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஒரே மூச்சில் கடலைத் தாண்டி வந்து இறங்கியிருக்கிறது. களைப்பில் என் பூட்ஸைப் பற்றிக் கவலையே படாமல் புல்லிடுக்கில் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து ரெட்விங் என்ற சின்னப் பாட்டுப் பறவைகள் ‘சீ...ப்’ என்ற மெல்லிய இழுப்போடு தலைக்குமேல் வந்து உள்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. கிழக்குக் காற்றும் மூடுபனியும் நிலப்பறவைகளை இறக்கிவிடும். வடக்கத்திக் காற்று கடற்பறவைகளைத் தள்ளிவரும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது என்பது இங்குள்ளவர்களின் நிரந்தரப் புலம்பல்.

இந்த மூடுபனிக்கு ஒரு பழைய கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோடைக்காலத்தில் இந்தப் பாறைகளுக்குக் கீழே படகில் வந்து, கூட்டில் இருக்கும் பறவைகளைச் சுட்டுத் தள்ளுவது ஒரு பொழுதுபோக்கு. கிட்டிவேக் என்கிற சின்னக் கடற்காகத்தின் சிறகு சீமாட்டிகளின் தொப்பிக்குப் போகும். குஞ்சுகள் விளிம்பில் பட்டினி கிடந்து சாகும். பிரிட்லிங்டன் தேவாலயப் பாதிரியார் ஹென்றி பார்ன்ஸ்-லாரன்ஸ் இதை எதிர்த்துக் கிளம்பினார். நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டோபர் சைக்ஸ் மசோதா கொண்டுவந்தார். 1869-இல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கூடு கட்டும் மாதங்களில் சுடக் கூடாது. பிரிட்டனில் காட்டுப் பறவைகளைக் காக்க வந்த முதல் சட்டங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. இரக்கத்தைச் சொல்லி மட்டும் அவர்கள் வாதாடவில்லை, அதுதான் சாமர்த்தியம். பனி மூடினால் பாறை எங்கே என்று மாலுமிகளுக்குச் சொல்வது இந்தப் பறவைகளின் கூச்சல், இவை போனால் கப்பல் மோதும் என்றும் சொன்னார்கள். ‘ஃப்ளாம்பரோ பைலட்டுகள்’ என்று மாலுமிகள் இவற்றுக்குப் பேர் வைத்திருந்தார்களாம்.

இன்று அக்டோபர். கூச்சல் போட ஒரு கிட்டிவேக்கும் பாறையில் இல்லை. பதினோரு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

மூன்றாம் நாள், திங்கள்

காற்று மேற்கே சுற்றி, மதியத்துக்குமேல் வடமேற்காகிவிட்டது. வானிலை அறிக்கையில் ‘டைன், டாகர்’ என்று கடல் பகுதிகளை வரிசையாக வாசிக்கும்போது, ‘வடக்கு, 7 முதல் கடும்புயல் 9 வரை’ என்று காற்றின் வலு எண் வந்ததும் இவரைப் பார்த்துச் சிரித்தேன். “மீன்பிடிக்கிறவன் வீட்டுப் பெண், புயல் என்றால் சிரிக்கிறாள்” என்றார். அது உறுத்தத்தான் செய்தது. துறைமுகத்தில் கயிற்றை இரட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

சரிவில் ஆறேழு பேர். நடுவில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். மடக்கு நாற்காலி, முழங்காலில் கம்பளி, ஒரு சின்ன எண்ணும் கருவி. எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுகிறார், என்னையும், பக்கத்திலிருந்த தாடிக்காரரையும்.

இங்கே ஒரு பரிபாஷை இருக்கிறது, அது புரியாவிட்டால் எதுவும் பார்க்க முடியாது. கடலில் மரம் இல்லை, கம்பம் இல்லை. ‘அதோ’ என்றால் எதோ? லாப்ஸ்டர் கூண்டுக்கு அடையாளமாக மிதக்கும் கொடிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவைத்திருக்கிறார்கள். நங்கூரமிட்ட கப்பல் ஒன்று. “ஸ்குவா, வடக்கே போகுது, இரண்டாம் கொடிக்கு மேல், அடிவானத்துக்குப் பாதி தூரம், இப்போ கொடியைத் தாண்டுது” என்று ஒருவர் சொன்னால் ஸ்கோப் என்கிற தொலைநோக்கிகள் ஆறும் ஒரே பக்கம் திரும்பும். கிடைத்தவர் “ம்” என்பார். கிடைக்காதவர் பல்லைக் கடிப்பார்.

அப்படித்தான் பாமரைன் ஸ்குவா கிடைத்தது. நெஞ்சு பருத்த கருத்த பறவை, வாலில் முறுக்கிய கரண்டி மாதிரி இரண்டு இறகு. ஒரு கிட்டிவேக்கைத் துரத்தித் துரத்தி, விழுங்கிய மீனைக் கக்கவைத்து, அதைக் காற்றிலேயே பிடித்துத் தின்றது. பட்டப்பகல் வழிப்பறி. கிரேட் ஸ்குவா ஒன்றுகூட வரவில்லை. முன்பெல்லாம் இதே காற்றில் அவையும் வந்துகொண்டிருக்கும் என்றார் பெரியவர். பறவைக் காய்ச்சலுக்குப் பிறகு எடுத்த கணக்கில் பிரிட்டனில் அவை 76 சதவீதம் குறைந்திருந்தன. அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இருட்டுவதற்கு முன் ஒரு சூட்டி ஷியர்வாட்டர். உடம்பெல்லாம் புகைநிறம், சிறகுக்கடியில் மட்டும் வெள்ளிக் கீற்று. இறக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு அலைமேட்டில் ஏறிச் சாய்ந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி... தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுப் பக்கம் முட்டையிடுகிற இனம். நம் ஐப்பசி அதற்கு வசந்தம். இந்நேரம் அங்கே வளைக்குள் இருக்க வேண்டியது இங்கே என்ன செய்கிறது?

பிறகு தூரத்தில் ஏதோ ஒன்று, கருப்பு, ஒரு நொடி. “அது என்ன?” என்றேன். பெரியவர் தோளைக் குலுக்கினார். “விட்டுடு, லவ்.” தன் நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு நாளின் அடியிலும் ஒரு வரி: ‘ஸ்குவா, எதென்று தெரியாது: 3’, ‘ஆக், எதென்று தெரியாது: 40’ (ஆக் என்பது முங்கி இரை தேடும் கருப்பு வெள்ளைக் கடற்பறவைகளின் குடும்பம்). அந்த வரி இல்லாத நோட்டை நம்பாதே என்றார்.

நான்காம் நாள், செவ்வாய்

ராத்திரியெல்லாம் ஜன்னல் அடித்துக்கொண்டது. காலை ஆறரைக்குக் கார் கதவைத் திறக்க முடியவில்லை. இவர் “நான் உள்ளேயே இருக்கேன், உயிரோட திரும்பி வா” என்று ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்தார். சுத்த வாடை. நம்மூர் வாடையில் ஒரு சால்வை போதும். இதில் பல் கூசுகிறது.

நாற்காலியை மறந்துவிடுங்கள். நேராகப் புல்லில் உட்கார வேண்டும், ட்ரைபாட் காலைக் குட்டையாக்கி இரண்டு முழங்காலுக்கு நடுவே அணைத்துக்கொள்ள வேண்டும். 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பாக இருந்தாலும் 30-க்குமேல் போனால் நடுக்கம்தான் தெரியும். எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை லென்ஸைத் துடைக்க வேண்டும். மழைத்திரை ஒன்று வடக்கிலிருந்து நகர்ந்து வருவது தெரியும். முதலில் கப்பல் மறையும், பிறகு மூன்றாம் கொடி, இரண்டாம் கொடி, பிறகு நாம். ஐந்து நிமிஷம் ஆலங்கட்டி முகத்தில் அறையும். அது விலகும்போதுதான் திருவிழா. திரைக்குள் வழி தெரியாமல் கரையை ஒட்டி வந்த பறவைகளெல்லாம் எதிரிலேயே இருக்கும்.

கேனட் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு நானூறு போல. கிட்டத்தட்ட ஆறடி விரிப்பு, மஞ்சள் தலை, மை தொட்ட சிறகு நுனி. ஒன்று இருபது மீட்டர் தூரத்தில் கண்ணுக்கு நேராக வந்து காற்றில் தொங்கி நின்றது. வெளிர்நீலமாக இருக்க வேண்டிய கண் கருப்பாக இருந்தது. காய்ச்சலில் பிழைத்த கேனட்டுகளில் சிலவற்றுக்குக் கண் அப்படிக் கறுத்துவிடும் என்று ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவில் கண்டறிந்தார்கள். ஆக இது பிழைத்து வந்த ஒன்றாக இருக்கலாம்.

ஆனால் நான் வந்தது கேனட்டுக்காக இல்லை. லிட்டில் ஆக்குக்காக. கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட் பக்கத்துக் கற்குவியல் சரிவுகளில் குஞ்சு பொரிக்கும் பறவை. நம் மைனாவைவிடச் சின்னது, நூற்றைம்பது கிராம் சொச்சம். கழுத்தே கிடையாது, கருப்பு வெள்ளைப் பந்துக்கு இறக்கை முளைத்த மாதிரி. காற்று சரியாக அமைந்தால் கூட்டம் கூட்டமாக வடகடலுக்குள் வரும். 2007 நவம்பரில் இங்கிருந்து வடக்கே ஃபார்ன் தீவுகளை ஒரே நாளில் 28 ஆயிரத்துக்கும் மேல் கடந்து போயின. வடமேற்கு கிரீன்லாந்தில் இவற்றை நூற்றுக்கணக்கில் இறகோடு அப்படியே ஒரு சீல் தோலுக்குள் அடைத்து, கல் ஏற்றி, மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் சாப்பிடுகிறார்கள். இதை இவரிடம் சொன்னபோது, “கருவாட்டுக்குப் பெரியண்ணன்” என்று மட்டும் சொன்னார்.

எட்டேகாலுக்கு முதல் கூச்சல். “லிட்டில் ஆக்! மூன்று! இரண்டாம் கொடி, வடக்கே!” தேடினேன். அலை, அலை, அலை. “தாண்டிட்டுது.” எட்டு நாற்பதுக்கு மறுபடி ஐந்து. எல்லாரும் “ம்”, “ம்” என்கிறார்கள். எனக்கு அலை. ஒன்பதரைக்குள் இருபத்தேழு கடந்துவிட்டது, நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. விரல் மரத்துப்போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்தும் இலையில் சோறு விழாத மாதிரி இருந்தது. தாடிக்காரர் ஆறுதலாக எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார், அதில் இன்னும் அவமானம்.

பெரியவர் தன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீ ரொம்பத் தூரத்தில் பார்க்கிறாய். கீழே இறக்கு. நுரைக்கு அடுத்த அலை” என்றார்.

அதுதான் தப்பு. அபூர்வமானது தூரத்தில்தான் வரும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம். ஸ்கோப்பை இறக்கினேன். அலைச்சுவர் எழுந்தது, விழுந்தது. அடுத்த பள்ளத்திலிருந்து ஐந்து உருண்டைகள், பட்டாணியைச் சுண்டிவிட்ட வேகத்தில், தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, ஒன்றன்பின் ஒன்றாக. இறக்கை தெரியவில்லை, அடிப்பு மட்டும் மங்கலாக. மூன்று நொடி இருக்கும். மேட்டுக்குப் பின்னால் மறைந்தன, மறுபடி தெரிந்தன, போய்விட்டன. “ம்” என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டதால் சத்தமாக வரவில்லை.

அதற்குப் பிறகு வரிசையாகக் கிடைத்தது. எதைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மணிக்கு என் நோட்டில் 61. அறுபத்திரண்டாவதை எழுதவில்லை. அது தனியாக, தாழ்வாக, தடுமாறி வந்தது. பெரிய கருமுதுகுக் கடற்காகம் ஒன்று மேலிருந்து சாய்ந்து இறங்கி, ஒரே கொத்தில் தூக்கி, அண்ணாந்து முழுசாக விழுங்கிவிட்டுப் பறந்துபோயிற்று. பெரியவர் எண்ணும் கருவியை ஒருமுறை அழுத்தினார். அவர் கணக்கில் அது கடந்துபோனதுதான்.

காரில் வந்து உட்கார்ந்தபோது கை நடுங்கி டீ சிந்தியது. இவர் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், புதன்

காற்று இறங்கிவிட்டது. காலையில் வடக்கே ஐந்து மைல் தள்ளி பெம்ப்டன் பாறைக்குப் போனோம். நூறு மீட்டருக்குமேல் செங்குத்துச் சுவர். இங்கிலாந்துப் பெருநிலத்தில் கேனட் கூடு கட்டும் ஒரே இடம். கோடையில் சத்தத்திலும் நாற்றத்திலும் நிற்க முடியாது. இப்போது கேனட் விளிம்புகள் வெறும் சாணி பூசிய திண்ணை. ஆனால் லிட்டில் ஆக்குக்குப் பெரிய உறவான கில்லிமட்டுகள் வந்திருந்தன! கோடையில் போனவை, இறகு மாற்றிக்கொண்டு, அமைதியான காலைகளில் வந்து தங்கள் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகுமாம். தோளோடு தோள் ஒட்டி, சுவரைப் பார்த்து, கல்யாணவீட்டு மாமாக்கள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு. பத்து மணிக்கு ஒன்றுகூட இல்லை.

இதே சுவரில் ஊர்க்காரர்கள் கயிற்றில் இறங்கி கில்லிமட் முட்டை எடுத்திருக்கிறார்கள், 1954-இல் சட்டம் நிறுத்தும்வரை. தின்னவும், சேகரிப்பாளர்களுக்கு விற்கவும். எட்டிப் பார்த்தேன், வயிறு கலங்கியது. இங்கே 2021-இல் ஒரு கரும்புருவ ஆல்பட்ராஸ் கேனட்டுகளுக்கு நடுவே வந்து குடியிருந்தது. தெற்கு அரைக்கோளத்துப் பறவை, துணை தேடி வடக்கே மாட்டிக்கொண்டது. அந்தச் சூட்டி ஷியர்வாட்டர் நினைவு வந்தது.

மதியம் பிரிட்லிங்டன். எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது, இவர் துறைமுகத்துப் பெஞ்சில் சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்தார். திரும்பி வந்தால், “உன் மைனா இங்கே நீந்துது” என்கிறார்.

இரண்டு படகுக்கு நடுவே, ஐந்து மீட்டரில், லிட்டில் ஆக். கண்ணுக்குமேல் ஒரு வெள்ளைப் பொட்டு உண்டு, புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். அதுவரை தெரிந்தது. முங்கும், அரை நிமிஷம் கழித்துப் படகுக்கு அந்தப் பக்கம் எழும்பும். ஏழு மணி நேரம் ஆலங்கட்டியில் உட்கார்ந்தது யார், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது யார்! இவர் முகத்தில் அடக்கமுடியாத பெருமை. ஒரு குழந்தை ரொட்டி எறிந்தது. அதன் சாப்பாடு மிதக்கும் பொடிக் கூனிவகை உயிர்கள், ரொட்டி அதற்கு ஒன்றுமில்லை. பிடித்துக் காப்பாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். தரையில் விழுந்து கிடந்தால்தான் உதவி தேவை, சமதரையிலிருந்து கிளம்புவது அதற்குக் கஷ்டம். முங்கி இரை தேடும்வரை சும்மா விடுவதே நல்லது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடைசியாக முங்கியதைப் பார்த்தோம், எழும்பியதைப் பார்க்கவில்லை.

ஜனவரி, ஒரு ஞாயிறு

விட்ட குறை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. இந்த முறை இவரே கேட்டார், “வாடையா?” வாடைதான், ஆனால் அரைகுறை. வெயில் பத்து நிமிஷம், பனித்தூறல் பத்து நிமிஷம். புல் உறைந்து காலுக்கடியில் நொறுங்கியது. சரிவில் எங்களைத் தவிர ஒருவர்தான். பெரியவர் வரவில்லை. காற்று போதாது என்று வீட்டில் இருந்திருப்பார், அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

ஃபுல்மர்கள் வந்துவிட்டன. சுவரோரம் எழும்பும் காற்றில் இறக்கையை அசைக்காமல் நம் முகமட்டத்துக்கு வந்து, கருத்த கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாய்ந்து போகும். அலகின்மேல் குழாய் மூக்கு தெளிவாகத் தெரிந்தது, குடித்த உப்பை அது வழியாகத்தான் வடிக்கும். கூட்டுப் பக்கம் போனால் நாறும் எண்ணெயைத் துப்பும் என்று சொன்னதும் இவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கடலில் செங்கழுத்து டைவர் என்ற முங்கு பறவைகள் ஒன்றும் இரண்டுமாகத் தெற்கே போயின, கூன் விழுந்த கழுத்தோடு. இந்தப் பருவத்தில் அந்தச் செங்கழுத்து வெள்ளையாகிவிடுவதால் பேரை நம்பிப் பிரயோசனமில்லை. மதியத்துக்குமேல் நாலைந்து கேனட் வடக்கே, பெம்ப்டன் பக்கம் திரும்பின.

இவர் என் பைனாகுலரை வாங்கி, நுரைக்கு அடுத்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று “மைனா!” என்று கத்தினார். நான் திருப்புவதற்குள் பனித்தூறல் மூடிவிட்டது. உருண்டையா இருந்துச்சா, கழுத்து தெரிஞ்சுதா, எவ்வளவு வேகமா அடிச்சுது என்று துருவித் துருவிக் கேட்டேன். யோசித்தார். “சின்னதா இருந்துச்சு. ஆனா கில்லிமட் தூரத்துல போனாலும் சின்னதாத்தானே இருக்கும்?” என்றார்.

நோட்டில் இவரே எழுதினார், தமிழில்: ‘ஆக், எதென்று தெரியாது: 1.’